முடியப்போகிற கார்களின் வயரிங்காரன்

கார் கட்டுகிறவர்கள் வயரிங்காரனைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் நின்று, என்ஜின் உட்கார்ந்து, சக்கரம் மாட்டிய பிறகே என் முறை. அதனால் "முத்து, வண்டி முடியப் போகுது, வந்து வயரிங் போட்டுத் தாரும்" என்று போன் வந்தால் நானும் நம்பிக் கிளம்பிவிடுவேன். அம்பாசமுத்திரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற எனக்கு லாரியும் டிராக்டரும் சோறு போடுகின்றன. ரிட்டயர்டு ஆன பெரியவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஆசைக்குக் கட்டுகிற கார்கள் என் பொறுமையைச் சோதிக்கின்றன. வீட்டில் ஒரு பாதிக் காரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள், அதன் பானட்டில் வற்றல் காயப்போடுகிறவர்கள், "அடுத்த மாசம் முடிஞ்சிரும்" என்பதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் என் சாதிசனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள்

ஆழ்வார்குறிச்சி பிரம்மநாயகம் அண்ணாச்சி அணைக்கட்டு வேலைகளில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வேலையில் இருந்த காலத்திலேயே ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, திறந்த ரெண்டு சீட்டுக் கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்ட ஆரம்பித்திருக்கிறார். இரும்புக் குழாய்களை அவரே வெல்டு அடித்த சேஸிஸ். பழைய ஃபியட் என்ஜின். கதவு கிடையாது. இரண்டு பக்கமும் தொடை உயரத்துக்குக் குழாய் ஓடும். அதைத் தாண்டி உள்ளே இறங்கி, தரையோடு தரையாகக் காலை நீட்டி உட்கார வேண்டும். இதை ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று அவருக்கே தெரியும். வீட்டை ஒட்டி அவருடைய தென்னந்தோப்பு, அதன் நடுவே வாய்க்கால் வரை போகிற வண்டிப்பாதை. அதில் ஒரு தடவை தன் காரைத் தானே ஓட்டிவிட வேண்டும். அவருடைய ஆசை அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகவில்லை.

நான் போன அன்று கார் பளபளவென்று நின்றது. தேக்குப் பலகையில் டேஷ்போர்டு, வட்ட வட்டமாக மீட்டர்கள், முன்னால் இரண்டு பெரிய விளக்கு. பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, படுத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி எங்க வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவரும் என்னோடு சேர்ந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். வேறு யாரோ கட்டிய காரைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பேட்டரிய நான் யோசிக்கவே இல்லையே வே. அது எங்கனயாவது இருந்துக்கிடும்னுல்லா நெனச்சேன்."

யார் கைக்கு எட்ட வேண்டும்?

பேட்டரிக்கு இடம் கண்டுபிடித்த பிறகு சுவிட்சுகள். ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் அவை இருக்க வேண்டும். "ஏறி உக்காருங்க அண்ணாச்சி, அளவு பாத்துக்கிடுதேன்" என்றால், "நீரே உக்காந்து பாரும்வே" என்பார். நான் குள்ளம். என் கைக்கு அளவெடுத்து மாட்டிவிட்டு வருவேன். அடுத்த வாரமே போன் வரும்: சுவிட்சு ரொம்பக் கிட்ட இருக்கிறது, தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் வயர் நிறம் பிடிக்கவில்லை. நிறம் மாற்றினால் மீட்டர் இடம் மாற வேண்டும். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை டப்பாவுக்குள் சத்தமாகப் போட்டேன். அவர் அதைக் கேட்காதவர் மாதிரி துணியால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கோமதி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், அன்று எனக்குக் காபி கொடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேருக்கும் வயதாகிறது, மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுக்கை அறையும் குளியலறையும் மாடியில். கீழே வீட்டை ஒட்டி இருக்கிற ஒரே இடம் இந்தக் கார் ஷெட். சித்திரையில் கொத்தனார் வந்து அதை அறையாக்கிவிடுவார். அதற்குள் கார் ஓடிவிட்டால் தோப்பில் கொட்டகை போட்டு வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லி டீச்சர் பேசி முடித்திருந்தார். அண்ணாச்சி விளக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் காபியை ஊதிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னிடமே நியாயம் கேட்டார்: "தம்பி, இந்த வீட்டுல காரு கீழ இருக்கு, கக்கூஸு மாடில இருக்கு. இது நல்லாவா இருக்கு?"

களக்காட்டு ஜீப்

கெடு வைத்த பிறகும் அண்ணாச்சி அசையவில்லை. ஓட்ட வேண்டும் என்று உயிரை விடுகிற மனுஷன், ஓட்டுகிற நாளை ஏன் தள்ளித் தள்ளிப் போடுகிறார்? இந்தக் கேள்வி எனக்கு லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போதும் குடைந்தது. பதில் களக்காட்டில் கிடைத்த மாதிரி இருந்தது.

அங்கே நயினார் அண்ணாச்சி என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிரம்மநாயகம் அண்ணாச்சியின் கூட்டாளி. வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அவர் அபூர்வ மனிதர், முடித்துவிட்டார். நான்தான் கடைசி வயரை இணைத்தேன். ஜீப் ஸ்டார்ட் ஆகி, தோட்டத்தை ஒரு சுற்று வந்து, விளக்கெல்லாம் எரிந்ததும் எங்கள் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். என்ஜின் கீழே இறங்கியிருந்தது. தார்ப்பாயில் நட்டும் போல்ட்டும் வரிசையாக அடுக்கி, மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்ன ரிப்பேர் என்று பதறிப்போய்க் கேட்டேன். "ரிப்பேரு ஒண்ணும் இல்ல வே. நல்லாத்தான் ஓடிச்சு. ஓடி முடிஞ்சிட்டே, இனி அத வச்சி நான் என்ன செய்ய, நீரே சொல்லும்?"

தத்துவத்தோடு போன மத்தியானம்

களக்காட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே எனக்குத் தத்துவம் பிறந்துவிட்டது. இவர்களுக்குக் கார் முக்கியமில்லை, கட்டுகிறதுதான் முக்கியம். முடிந்துவிட்டால் அப்புறம் நாள் எப்படிப் போகும் என்று பயம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது. பிரம்மநாயகம் அண்ணாச்சியிடம் நேராகவே சொல்லிவிடுவது என்று, போன் கூடப் பண்ணாமல் ஒரு மத்தியானம் போய் இறங்கினேன். டீச்சர் கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஷெட் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே அண்ணாச்சி காருக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் தரையில், நடுவே அந்தக் குழாய். வேட்டி ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, குதிரையில் பாதி ஏறினவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். சத்தம் போட்டால் அக்கம்பக்கம் கூடிவிடும் என்று வாயைத் திறக்காமல் நெடுநேரமாக அப்படியே நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் கௌரவம் குறையாமல், "வயரிங் பாக்கவா வந்தீரு? பாரும். நான் எங்கனயும் போவல" என்றார்.

வேட்டியை விடுவித்தேன். ஆளை விடுவிக்க முடியவில்லை. நான் தூக்கினால் நான்தான் உட்கார்ந்துபோவேன், அப்படி ஒரு கனம். அண்ணாந்து பார்த்தபோது என்ஜினை இறக்கி ஏற்றுகிற சங்கிலிக் கப்பி உத்தரத்தில் தொங்கியது. லாரியில் சரக்குக் கட்டுகிற அகலமான பெல்ட்டை அவர் இடுப்புக்கும் தொடைக்கும் கொடுத்து, கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்தேன். அண்ணாச்சி பைய மேலே எழும்பி, காலை விலக்கி, தரையில் வந்து இறங்கினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண் கலங்கியிருந்தது.

ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகுதான் வாய் திறந்தார். இரண்டு முட்டியும் முன்னைப்போல மடங்குவதில்லை. கட்ட ஆரம்பித்த காலத்தில் அந்தக் குழாயை ஒரு தாவலில் தாண்டி உட்காருவாராம். குழாயை அறுத்துத் தாழ்த்தலாமே என்றேன். அதுதான் வண்டிக்கு முதுகெலும்பு, அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும் என்றார். கார் முடிந்தால் எல்லாரும் ஏறு ஏறு என்பார்கள். ஏற முடியாது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சுவிட்சும் நிறமும் மீட்டரும். என் தத்துவத்தை நான் வாயிலேயே போட்டு விழுங்கினேன். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அளவெடுக்கையில இது மடங்கிச்சில்லா. மடங்காமப் போகும்னு எவன் வே கண்டான்?"

சங்கிலி இழுக்க ஓர் ஆள்

வெளியே எடுத்த கப்பி உள்ளே வைக்காதா? இதை நான் கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முட்டி மடங்காதவர் பிரேக்கை எப்படி மிதிப்பார்? "ஏறத்தான்வே மடக்கணும். உள்ள போயிட்டா நீட்டித்தான இருக்கணும். பாதத்தை அமுக்குனாப் போதும்" என்று ஸ்டூலில் இருந்தபடியே காலை நீட்டி மிதித்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் சங்கிலியை இழுக்க, இன்னொருவர் காலைப் பிடித்து உள்ளே விட வேண்டும். நயினார் அண்ணாச்சியைக் கூப்பிட்டால் களக்காடு முழுக்கத் தெரிந்துவிடும். மிச்சம் கோமதி டீச்சர்தான். அவரிடம் சொல்வதற்கு அண்ணாச்சி பட்ட கூச்சத்தைப் பார்த்தால், கப்பியில் தொங்குவது ஒன்றுமே இல்லை.

மறுநாள் நானும் கூட இருந்து சொல்லவைத்தேன். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது நம்மோடு உட்கார்ந்து பேசுவார் என்று பார்த்தால், பேச்சை எடுத்தாலே ஷெட்டுக்கு எழுந்து போகிறாரே, நம் முகம் பிடிக்கவில்லையோ என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். இதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சியைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. அப்புறம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்: "முட்டிக்காகவா என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சிய? சங்கிலி எங்கன இருக்கு, காட்டுங்க."

வாய்க்கால் வரை

பங்குனி முடிகிற சமயம், ஒரு காலை. காரைத் தள்ளி சீட்டைக் கப்பிக்கு நேராக நிறுத்தினோம். டீச்சர் சங்கிலியை இழுத்தார்; இழுத்ததில் ஒரு ஆவேசம் இருந்தது. அண்ணாச்சி வேட்டியை விட்டுப் பேண்ட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஆகாயத்தில் தொங்கினார். நான் காலைப் பிடித்து உள்ளே விட்டேன். உட்கார்ந்தார். கையை நீட்டி ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் எட்டியது. சாவியைத் திருப்பினதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

கார் ஷெட்டை விட்டு நடக்கிற வேகத்தில் தோப்புக்குள் போனது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். தேங்காய் பறிக்க வந்திருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. வாய்க்கால் கரையில் பாதை முடிகிற இடத்தில் பதவிசாக நிறுத்தினார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பாதை குறுகல், வண்டியைத் திருப்ப இடமில்லை. "ரிவர்ஸ் எடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கியர்த் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிவர்ஸ் கியருக்கான கம்பியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறார். பின்னால் போக முடியாது. இறங்கவும் முடியாது, கப்பி ஷெட்டில் இருக்கிறது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இனி என்ன, சித்திரையில் இரும்புக் கடைதான் என்று நினைத்தேன். அண்ணாச்சியும் அதையே நினைத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அந்தக் குழாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டி உள்ளே இறங்கினார். பக்கத்துச் சீட்டு இன்னும் மாட்டவில்லை. தேங்காய்ச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறிக்கிற ஆட்கள் வந்து பின்னாலிருந்து பிடித்து இழுக்கத் தயாராக நின்றார்கள். டீச்சர் அவர்களைக் கையமர்த்திவிட்டு அண்ணாச்சியிடம் சொன்னார்: "கொத்தனாருகிட்ட ஷெட்டுக்கு அந்தப் பக்கமா கட்டச் சொல்லுதேன், நாலு எட்டு நடந்தாப் போச்சு, கப்பி அங்கனயே இருக்கட்டும். ரிவர்ஸு கியரப் பைய மாட்டிக்கிடுங்க. இப்ப எங்க போகணும்?"

இதை எழுதும் வரை ரிவர்ஸ் கியர் வரவில்லை. ரிவர்ஸ் லைட்டுக்கு வயர் இழுக்க மட்டும் எனக்குப் போன் வந்துவிட்டது.