உழுது போட்ட பாதையில் ஓர் அம்பாசிடர்

பெரியப்பா என் அம்மாவிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. தம்பியின் மனைவியிடம் மூத்தவர் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் மரியாதையாகக் கருதப்பட்ட ஒரு வழக்கம். மற்ற வீடுகளில் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. பெரியப்பா மட்டும் விடவில்லை. மரியாதை என்ற பெயரிலேயே ஒருவரை வாழ்நாள் முழுக்க அவமதிக்க அதைவிட வசதியான வழி அவருக்குக் கிடைத்திருக்காது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்வார். அப்பா இறந்த பிறகு என்னிடம் சொன்னார். அம்மா பக்கத்திலேயே நின்றாலும் நான் அதைத் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டும்.

ஆகவே காரை எடுத்துக்கொண்டு போகும்படி அவர் சொன்னதும் என் கைபேசியில்தான் வந்தது.

"காட்டை விக்கப் போறேன். செட்டைக் காலி பண்ணணும். வேணும்னா வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லு உங்கம்மாவை. இல்லன்னா காயலான் கடைக்குப் போட்டுருவேன்."

ஓட்டப்பிடாரம் பக்கம் இருந்த அந்தக் கரிசல் காட்டை, சூரிய மின்தகடு பதிக்கும் நிறுவனம் ஒன்று வாங்க முன்வந்திருந்தது. செட் என்பது காட்டின் நடுவில் தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே நின்றது மங்கிய வெள்ளை நிற அம்பாசிடர். பாகம் பிரித்தபோது அப்பாவின் பங்குக்கு வந்த கார் அது.

பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த செடியான மாரையும் பிடுங்கிய காட்டில், அப்பா அம்மாவுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். காட்டுக்குள் மட்டும் ஓட்டிய வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அம்மா தனியாக, ஊர்த் தெரு வழியாக மாவு மில்லுக்கு ஓட்டிப்போய்க் கம்பு அரைத்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் இருந்த பெரியப்பா பார்த்துவிட்டார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கையை நீட்டினார்.

"உன் பொண்டாட்டி ஊரு நடுவுல ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுப் போறா. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் பஞ்சாயத்துல உக்காருவேன்? சாவியைக் கொண்டா."

அப்பா கொடுத்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், பெரியப்பா கேட்டதைவிட அப்பா கொடுத்ததைப் பற்றித்தான் அம்மா அதிக நேரம் பேசுவார். அதன் பிறகு நாங்கள் கோவில்பட்டிக்குக் குடிவந்தோம். பெரியப்பா சம்பள டிரைவர் வைத்துச் சில வருடங்களுக்கு முன்புவரை அதில் சவாரி செய்தார். அம்மா டவுன் பஸ்ஸில் போனார். ஆனால் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காலாவதியாக விடாமல், டாக்டரிடம் சான்று வாங்கி வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். எதற்கென்று ஒருமுறை கேட்டேன். "கிடக்கட்டுமே" என்றார்.

இப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. செட்டிலிருந்து ஊர்த் தெரு வழியாகக் காரைத் தானே ஓட்டிவர வேண்டும்.

நான் எதிர்த்தேன். ஒரு செயலின் பின்விளைவை முன்கூட்டியே கணக்கிடுவது என் படிப்பு கொடுத்த பழக்கம். என் வேலையும் அதுதான். பதிவு புதுப்பிக்காத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். அம்மாவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் யார் பொறுப்பு? ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டில், காரை ஏற்றிப்போக ரெக்கவரி வண்டி நிற்கும். அதுவரை மெக்கானிக் ஓட்டட்டும் என்றேன்.

"உங்கப்பா மாதிரியே பேசுத" என்றார் அம்மா. அதற்குப் பிறகு, புறப்படும் நாள்வரை எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

மெக்கானிக் எங்கள் தெருவில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாய். அம்மாவை அக்கா என்பார். இரண்டு நாள் முன்னதாகவே போய் பேட்டரி மாற்றி, பிரேக்கைச் சரிசெய்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்து வந்தார். போன இடத்தில் வாயைக் கட்டவில்லை. "அக்காதான் ஓட்டப்போறாவ" என்று பெரியப்பாவிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அதன் பலனை நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் பார்த்தோம். தார் ரோட்டிலிருந்து செட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைக் காணவில்லை. முந்தைய நாள் வாடகை டிராக்டர் பிடித்துப் பாதையை உழுது போட்டுவிட்டார் பெரியப்பா. நாங்கள் எப்படியாவது வந்து எடுத்துவிடக் கூடாதென்று செட் வாசலிலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். ஆனால் ஐப்பசி மழை அவரைக் கேட்டுக்கொண்டா பெய்யும்? இரவில் கொட்டித் தீர்த்துவிட்டது. உழுத கரிசல், நனைந்த பிறகு, கால் வைத்தால் விடாது.

அந்தச் சேற்றுக்கு அப்பால், கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் கத்தினார். "ஏட்டி! எதுல வந்தீங்களோ அதுலயே திரும்பிப் போங்க! பாதை கிடையாது. என் காடு, நான் உழுதிருக்கேன்!"

"அண்ணாச்சி, நல்ல ஈரம்! அப்படியே விதைச்சும் விட்டுருங்க!" என்று பாய் திருப்பிக் கத்தினார்.

"சும்மா இரும்வே! உம்ம வாயாலதான் இம்புட்டும்!"

அப்போது நிறுவனத்தின் ஜீப் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. அன்றைக்குத்தான் பத்திரப்பதிவு, பெரியப்பாவை அழைத்துப் போக வந்திருந்தார்கள். காய்ந்த உழவில் கார் ஏறாது, ஜீப் ஏறிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இறங்கிய இளைஞர் நாலடி வைத்தார். ஷூவில் ஒட்டிய மண் கல்லாகக் கனத்தது. உதறி உதறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். சிக்கினால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஜீப் டிரைவர் உள்ளே வர மறுத்துவிட்டார். பெரியப்பாவோ மூட்டு அறுவை சிகிச்சை செய்து, வாக்கர் பிடித்து நடப்பவர். அவர் உழுத பாதை முதலில் அவரைத்தான் அடைத்துப் போட்டிருந்தது.

மழையால் வேலையில்லாமல் ரோட்டோரம் வேடிக்கை பார்க்கக் கூடிய பெண்களில் ஒருவர் குரல் கொடுத்தார். "பெரியவரே, கட்டிலோட தூக்கிட்டு வந்துருவமா?"

"நாலு பேரு தூக்குறதுக்கு நான் இன்னும் சாகலட்டி!"

சிரிப்பு அடங்கும்வரை அம்மா பொறுத்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கேளு. பாதை போட்டா வண்டியில வாராகளான்னு."

கேட்டேன். அவர் சேற்றைப் பார்த்தார், ரோட்டில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். ரோட்டில் நின்றபடியே ஜீப் இளைஞர் அவரைக் கைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ரோடு வரைக்கும். அங்கன ஜீப்புல ஏறிக்கிடுவேன். பாய் ஓட்டட்டும்" என்றார்.

"அப்பக் காடு காயற வரைக்கும் அங்கனயே உக்காந்திருக்கச் சொல்லு" என்றார் அம்மா.

அதையும் கத்தினேன். அவர் காறித் துப்பினார். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

எனக்கு வேறொரு உறுத்தல் இருந்தது. இந்த விற்பனையைப் பற்றி, எனக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், இந்த ஊர்க் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்டிருக்கிறேன். இதோ நின்று சிரிக்கும் பெண்களுக்குப் பருத்தி எடுக்கும் வேலை இனி எங்கே என்று. இப்போது அதே விற்பனைக்கு நாங்களே ஆளைச் சுமந்துபோய்ச் சேர்ப்பதா? அம்மாவிடம் சொன்னேன்.

"அவரு இன்னைக்குப் போகலன்னா நாளைக்குப் போயி விப்பாரு" என்றார் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகியபடி. "இந்த வண்டி நாளைக்கு எனக்குக் கிடைக்காது." சேற்றில் இறங்கிவிட்டார். என் வாதத்துக்கு அவர் சொன்னது முழுமையான பதில் அல்ல. ஆனாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

செட்டை ஒட்டி, போன பருவத்துப் பருத்திமார் விறகுக்காகப் படப்பாக அடுக்கிக் கிடந்தது. வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பாதை அது. கலப்பை மேல்மண்ணைத்தான் கிளறியிருந்தது. சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் மாரைப் பரப்பி, மேலே பழைய தகரங்களைப் போட்டோம். வேடிக்கை பார்த்த பெண்களும் இறங்கிவிட்டார்கள். "மதினி ஓட்டுதாவன்னா நாங்களும் போடுதோம்" என்றார் கட்டிலோடு தூக்கக் கேட்டவர். தன் விறகு சேற்றில் மிதிபடுவதைப் பெரியப்பா வைதுகொண்டே பார்த்தார்.

பாதை தயாரானதும் அம்மா பம்புசெட் தண்ணீரில் காலை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டார், பெடல் வழுக்கக் கூடாதென்று. பெரியப்பா சாவியை என் கையில் கொடுத்தார். நான் அம்மாவிடம் கொடுத்தேன். இருவருக்கும் இடையில் ஓர் அடி தூரம் இருந்திருக்கும்.

பின்சீட்டில் மடியில் வாக்கரோடு பெரியப்பா. முன்னால் நானும் அம்மாவும். பாய் நடந்தபடி வழிகாட்டினார். தகரங்கள் சக்கரத்துக்கு அடியில் அலறின.

"இடது பக்கம் ஒடிக்கச் சொல்லு உங்கம்மாவை."

"அம்மா, இடது பக்கம்."

"தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம் பெரியப்பா."

"தெரிஞ்ச லட்சணந்தான் தெரியுதே."

ஓரிடத்தில் பின்சக்கரம் தகரத்தைவிட்டு நழுவியது. பெண்கள் தள்ளினார்கள். கார் உறுமிக்கொண்டு மேலேறித் தார் ரோட்டைத் தொட்டது. ஜீப் இளைஞர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

அம்மா நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில், நிதானமாக, ஜீப்பைத் தாண்டி ஊர்ப் பக்கம் திருப்பினார்.

"நிப்பாட்டச் சொல்லு! ஏட்டி, நிப்பாட்டச் சொல்லு உங்கம்மாவை!"

"அம்மா, நிப்பாட்டச் சொல்லுதாவ. ரோடு வரைக்கும்னுதானே பேச்சு?"

"யாருகிட்டப் பேசுனாவ? என் காதுல யாரும் ஒண்ணும் சொல்லலயே" என்றார் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடக்க முடியாத ஒரு முதியவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுபோகிறோம். அது தவறு என்று இன்றும் கருதுகிறேன். ஆனாலும் நான் மறுபடி அம்மாவிடம் நிறுத்தச் சொல்லவில்லை.

தெரு தொடங்கியதும் பெரியப்பா துண்டைத் தலையோடு முகத்தையும் மூடிப் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டை ஊரே அறியும். "மதினி பெரியவரைக் கூட்டிட்டுப் போறாவ டோய்!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மா ஒரு தடவை ஹாரன் அடித்தார். பின்னால் ஜீப் பொறுமையில்லாமல் அடித்துக்கொண்டே வந்தது.

மாவு மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதை நெருங்கும்போது பெரியப்பா வாக்கரால் முன்சீட்டின் முதுகில் ஓங்கிக் குத்தினார்.

"நிப்பாட்டு ஏட்டி!"

அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இவளைச் சொல்லுதீங்களா, என்னையா அத்தான்?"

துண்டு விலகியது. "உன்னத்தான். நிப்பாட்டு."

அம்மா கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டு ஓரங்கட்டி, நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் பெரியப்பாவைத் தாங்கி இறக்கினார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாக்கரை ஊன்றி நின்று, என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். முகத்தில் சமாதானத்தின் சாயல்கூட இல்லை.

"உங்கம்மாட்டச் சொல்லு. க்ளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதா. பிளேட்டு ஒரு மாசம் தாங்காது. இனி இந்த ஊருப் பக்கம் ரெண்டு பேரும் காலை வைக்கக் கூடாதுன்னும் சொல்லு."

ஜீப் போய்விட்டது. அம்மா மறுபடி கியரைப் போட்டார். ரெக்கவரி வண்டி நிற்கும் மெயின் ரோட்டுக்கு இன்னும் பாதித் தெரு இருந்தது. பெரியப்பா சொன்னவற்றில் எதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.