மங்கையர்க்கரசியும் இரண்டாவது பிளக்கும்

கறுப்புப் பெட்டியைக் கணினியிலிருந்து கழற்றும் முன், திரையின் மூலையில் உள்ள பச்சை அம்புக்குறியை அழுத்திவிட்டு, "போலாமா?" என்று மங்கையர்க்கரசி வாய்விட்டே கேட்பார். கழற்றலாம் என்று திரையில் எழுத்து வந்த பிறகும் மனசுக்குள் பத்து வரை எண்ணுவார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய ஹார்ட் டிஸ்க்தான் அது. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்கள் பதினாறு பேருடைய புடவை டிசைன்கள் அதற்குள் இருக்கின்றன. "ஊரு சொத்துப்பா. அவசரப்பட்டுப் புடுங்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்பார்.

பட்டுப் புடவையின் கரைக்கும் முந்திக்கும் கணினியில் கட்டம் கட்டமாகப் படம் போடுவது அவர் தொழில். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால் புடவையில் மயில் விழும். இங்கே ஒரு கட்டம் தவறினால் ஆறு கஜத்துக்கும் மயிலுக்குக் கண் இருக்காது. வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், தேடும்போது மட்டும் அது அங்கே இருப்பது நினைவுக்கு வராது. கணினி அறைக்குள் டீ வரக்கூடாது. கலெக்டரே வந்தாலும் வாசலில் நின்றுதான் குடிக்க வேண்டும்.

பென் டிரைவுக்கும் அவர் வீட்டில் இடமில்லை. சட்டைப்பையில் போட்டால் டிசைனும் அதோடு நடந்துவிடும் என்பார். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை ரிப்பேருக்கு வெளியே போய்வந்த கணினியிலிருந்து ஓர் அன்னப்பட்சி பறந்துபோய், அடுத்த மாதமே யாரோ ஒருவர் தறியில் இறங்கியது. அன்றிலிருந்து எது கெட்டாலும் தானே பார்க்கிறார். பார்க்கிற விதமும் அவர் பிறந்த வீட்டுத் தறியிலிருந்து வந்ததுதான். "இழ அறுந்தா தறியவா மாத்துவாங்க? எங்க அறுந்துதுன்னு தொட்டுக்கினே போவணும்." ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். மாற்றியதைக் கட்டத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வார்.

இவ்வளவு கெட்டிக்காரரிடம் ஓர் அசட்டுக் கொள்கையும் உண்டு. முழுசாக முடிக்காத வேலையைப் பெட்டியில் ஏற்ற மாட்டார். குறை வேலைக்கு ராசியில்லையாம். 2008-ல் ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள், இந்த ராசி அவர் கழுத்தைப் பிடித்தது.

நாற்பது நாள் உட்கார்ந்து வேணுகோபாலுக்கு ஒரு மயில் கரை முடித்திருந்தார். வேணுகோபால் பக்கத்துத் தெருவில் தறி போட்டு நெய்விப்பவர். தை மாதக் கல்யாணத்துக்கான புடவைகள், இரண்டு தறிகள் அட்டைக்காகக் காத்துக்கிடந்தன. அந்தக் கரை இருந்ததோ அவருடைய ஒரே பழைய கணினிக்குள் மட்டும். அன்று காலை அந்தக் கணினி மூன்று முறை முயன்றுதான் எழுந்தது. உள்ளே பல்லி கத்துகிறாற்போல ஒரு சத்தம். இனி ஒருமுறை அணைந்தால் எழாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம்.

இரண்டு மணிக்கு வேணுகோபால் வந்தபோது, பெட்டி எழுத மறுத்துக்கொண்டிருந்தது. 'டிலேய்டு ரைட் ஃபெயில்டு', அதாவது எழுதியது போய்ச் சேரவில்லை என்று திரை சொன்னது. படிக்கச் சொன்னால் படித்தது. பழைய டிசைன்களெல்லாம் சமர்த்தாகத் திறந்தன. எழுதச் சொன்னால்தான் சண்டித்தனம். பெட்டியில் பாதிக்குமேல் இடம் காலி. கட்டத்தாளில் ஒரு புள்ளி. முன்பக்கம் வேறு துளையில் செருகியும் அதேதான். இன்னொரு புள்ளி. புடவை நடுவில் விழும் சின்னப் புட்டா ஒன்றை அனுப்பிப் பார்த்தார், போய்ச் சேர்ந்தது. கரையை அனுப்பினால் மூன்றில் ஒரு பங்கு போய் விளக்கு அணைந்து, பெட்டியே திரையிலிருந்து காணாமல் போயிற்று. அதற்கு வைத்த புள்ளியைச் சுற்றி அவர் வட்டம் போட்டார்.

தெரிந்த கடைக்காரருக்குப் போன் செய்ததில், கணினி, பெட்டி இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு நாளில் பார்க்கலாம் என்றார். மங்கையர்க்கரசி போனை வைத்துவிட்டார். வேணுகோபாலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஃபார்மேட் அடிச்சிடும்மா. என் தம்பி மவன் அப்டித்தான் பண்றான். புச்சு மாதிரி ஆயிடும்."

"புச்சு மாதிரி ஆவும்ணா. பதினாறு பேரு வேலையும் அதோட போவும்."

"அவங்கள பாத்துக்கினு இருந்தா என் கரை போயிடுமே."

மணி மூன்று இருபது. மங்கையர்க்கரசிக்குப் பயமாகத்தான் இருந்தது. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை கரையை அனுப்பினார். முதலில் சீரான அதிர்வு, பிறகு ஒரு 'டிக்', நின்றது, மறுபடி ஓடியது.

"தெம்பு பத்தலணா," என்றார் மெதுவாக. "படிக்கிறதுக்குப் போதுது. எழுதறதுக்குப் போதல."

அந்தப் பெட்டியின் ஒயருக்குத் தலை இரண்டு. ஒன்று முன்பக்கம், கண்ணெதிரே செருகுவது. இன்னொன்று கூடுதல் மின்சாரத்துக்காக, கணினியின் பின்பக்கத்தில் எப்போதும் கிடப்பது. கணினியை நகர்த்தப் பயந்து, கையை மட்டும் பின்னால் விட்டுத் துழாவினார். பிளக் அழுத்தமாகத்தான் செருகியிருந்தது. வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அவர் திரையில் பெட்டியை நிறுத்திவிட்டு, அதைப் பிடுங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் தேடினார். கழுத்தில் இருந்தது.

பிளக்கின் வாய் நிறைய மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், நடுவே துளி குங்குமம்.

தறி வீடுகளில் ஆயுத பூஜையன்று தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே பொட்டு வைக்க வேண்டும். ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கு வைத்து மிதிகட்டைக்கு விட்டால் மிதிகட்டை கோபித்துக்கொள்ளும். மங்கையர்க்கரசி கணினிக்கும் அப்படியே செய்திருந்தார். திரைக்கு, மவுஸுக்கு, ஒவ்வொரு ஒயரின் தலைக்கும். பூஜைக்குக் கழற்றியதை மறுநாள் மாட்டும்போது முன்பக்கத்துப் பிளக்கைத் துடைத்துச் செருகியவர், இதைப் பின்பக்க இருட்டில் தடவியே செருகிவிட்டார்.

"நான் வெச்சதுதாங்ணா," என்றார். வேணுகோபால் சிரிக்கவில்லை. அவர் தறியிலும் நாலு நாள் சந்தனம் அப்படியேதான் இருந்தது.

ஓர் ஈர்க்குச்சியைச் சீவி, கட்டத்தாளின் மேல் பிளக்கைப் பிடித்துச் சுரண்டினார். பொறுமையாக, வாயால் ஊதாமல். பழைய துளையிலும் சந்தனம் ஒட்டியிருக்கும் என்று பின்பக்கத்திலேயே வேறு துளையில் செருகினார். மூன்று நாற்பது. திரையில் பச்சைக் கோடு நீள, கரை நகரத் தொடங்கியது. பாதி தாண்டியது. முக்காலில் கணினிக்குள் பல்லிச் சத்தம் வலுத்து, பச்சைக் கோடு நின்றது. வேணுகோபால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காமாட்சியம்மனைக் கூப்பிட்டார். மங்கையர்க்கரசி கோட்டைப் பார்க்கவில்லை, பெட்டியின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிமிட்டியது. கோடு நகர்ந்தது.

முடிந்ததும் எழுந்துவிடவில்லை. பெட்டியிலிருந்தே கரையைத் திறந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மயில் மயிலாகப் பார்த்தார். எல்லா மயிலுக்கும் கண் இருந்தது. பச்சை அம்புக்குறியை அழுத்தினார்.

"போலாமா?"

போகலாம் என்று எழுத்து வந்தது. அவர் எண்ணத் தொடங்கினார், கூடவே வேணுகோபாலும் எண்ணினார். எட்டு என்னும்போது தலைக்குமேல் மின்விசிறி நின்றது. பாக்கி இரண்டையும் இருண்ட திரைக்கு முன்னால் எண்ணி முடித்துவிட்டுத்தான் மங்கையர்க்கரசி ஒயரைக் கழற்றினார்.

ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. கணினி இரண்டு முறை கத்திவிட்டு அடங்கியது, அப்புறம் எழவே இல்லை. அவர் அதைத் திட்டவில்லை. கட்டத்தாளில் கிடந்த சந்தனப் பொடியை ஒன்றுகூட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். கழுத்திலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கணினியின் தகரப் பெட்டியைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, துளை எதுவும் இல்லாத இடமாக ஒரு பொட்டு வைத்தார்.