எழுபத்தாறு நாள்கள்

1979ஆம் ஆண்டு என் நாட்குறிப்புக் கொப்பியில் பல பக்கங்களில் இரண்டு திகதிகள் இருக்கின்றன. இடப்பக்கம் ஆங்கிலத் திகதி, வலப்பக்கம் ஈரானியத் திகதி. பெப்ரவரி கடைசியில் அப்படி எழுதத் தொடங்கினேன்.

மெல்பேர்னில், கிளேட்டனில், நாங்கள் இருந்த தொடர்மாடியின் மேல்வீட்டில் ஓர் ஈரானியப் பெண் தனியே இருந்தாள். தெஹ்ரானில் குடும்ப வழக்குகள் நடத்திய வழக்கறிஞர். புலமைப்பரிசில் பெற்று ஓராண்டு படிக்க வந்தவள். விவாகரத்தானவள். ஒரே மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மகள் தன்னிடமே வளரலாம் என்ற தீர்ப்பைத் தானே வாதாடி வாங்கியதை எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் எழுந்து நின்றுதான் சொன்னாள்.

அந்தத் தீர்ப்புக்கு இடங்கொடுத்த சட்டத்தை, மதகுருமார் தலைமையில் வந்த புதிய ஆட்சி பெப்ரவரியில் நிறுத்திவைத்தது. பெண்கள் நீதிபதிகளாக இருக்க முடியாது என்ற செய்தியும் பின்னாலேயே வந்தது. மார்ச் எட்டாம் திகதி தெஹ்ரானில் பெண்கள் பனியில் ஊர்வலம் போனார்கள். நான் வெட்டிக் கொடுத்த பத்திரிகைப் படத்தை அவள் எங்கள் குசினி மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு முகமாக அக்காவைத் தேடினாள். அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகத் தெரிந்தன.

"இனிப் பழைய முறைதான்," என்றாள். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில். "பெண் பிள்ளை ஏழு வயது வரை தாயிடம். அதன்பின் தகப்பனிடம். அதற்குள் நான் அங்கே போய், அவளை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும்."

மகளின் பிறப்புச் சான்றிதழில் இருந்த ஈரானியத் திகதியை நான்தான் ஆங்கிலத் திகதிக்கு மாற்றிப் பார்த்தேன். செப்டம்பர் 25. அன்று அவளுக்கு ஏழு முடியும். மூன்று முறை எண்ணினேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "எங்கட பஞ்சாங்கம் காணாதெண்டு இப்ப ஈரானுக்கும் எழுதத் தொடங்கீற்றீரோ?"

"நீங்கள் தேத்தண்ணியக் குடிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ."

"ஓம் ஓம். எனக்கு எப்ப வயசு போகுதெண்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

ஆய்வுரையை ஜூலை முடிவில் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் பத்தாம் திகதி புறப்படுவதாக முடிவாயிற்று. உடனே போகிறேன் என்று ஏப்ரலில் ஒருநாள் அவள் பெட்டி அடுக்கியபோது, கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டித் தடுத்தவள் நான். பட்டமில்லாமல் போனால் திரும்பி வருவது எப்படி, இன்னும் ஐந்து மாதம் முழுதாக இருக்கிறதே என்றேன். அவள் உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

நான் மாற்றியது அவர்களின் சூரியக் கணக்கு; வயதுக்குச் சந்திரக் கணக்கு ஒன்று இருக்குமோ என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. அன்று அப்பாவின் திவசம். திதி பார்த்துத்தான் செய்வோம். ஒவ்வோர் ஆண்டும் திகதி முன்னும் பின்னுமாகப் போகும், ஆனால் அதே பருவத்தைவிட்டு விலகாது. எங்கள் கணக்கில் இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடுவார்கள். அதே நினைப்பில், வந்தாலும் சில நாள் வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டேன். அவளிடம் கேட்கவும் இல்லை. அவர்களுடைய சந்திர ஆண்டில் அந்தக் கூட்டல் கிடையாது என்று பிறகுதான் அறிந்தேன். ஆண்டுக்கு ஏறக்குறையப் பதினொரு நாள் குறைந்துகொண்டே போகும். ஏழு ஆண்டுக்கு எழுபத்தாறு நாள்.

ஜூலை மூன்றாம் வாரம் தந்தியோடு இறங்கி வந்தாள். கால்களில் செருப்பில்லை.

"பிறைக் கணக்கில் அவளுக்கு ஏழு முடிந்துவிட்டதாம். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்."

நான் கொப்பியை எடுக்க எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் கணக்குச் சரி. என் கணக்கும் அதுதான். எங்கள் நீதிமன்றத்தில் யாரும் பிறை பார்த்து வயது எண்ணியதில்லை. இப்போது அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டேன்."

கணவர் அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை. அவள் போனபின் அவர் மெல்ல, "விடும். நீர் வேணுமெண்டே செய்தனீர்?" என்றார். வேண்டுமென்று செய்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

ஆய்வுரையைக் கொடுக்காமலே அந்த வாரமே அவள் புறப்பட்டாள்.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. தான் வாதாடிய அதே நீதிமன்றத்தின் நடைவழியில் நான்கு நாள் காத்திருந்தாளாம். பேசுவதற்குச் சகோதரனை அனுப்பச் சொன்னார்களாம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், முன்னாள் கணவர் வீட்டில், அவருடைய தங்கை பக்கத்தில் இருக்க, மகளைப் பார்க்கலாம். "பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அது முடிந்துவிட்டது என்றாள்."

மூன்று பதில் எழுதினேன். மூன்றிலும் மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளிடமிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.

கொப்பியில் செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, சிவப்பு மையில் வட்டமிட்டபடி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு திகதிதான்.