சிவப்புக் கோட்டில் வராத வேலை

அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பிளானிங் செக்‌ஷனில் இருந்தார். எந்த உதிரிபாகம் எந்தப் பட்டறைக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று வரைந்து வைப்பது அவர் வேலை. போய்ச் சேராவிட்டால் நேரில் போய் ஏன் என்று கேட்பதும் அவர் வேலைதான். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால், எண்பதுகளின் கடைசியில், முத்தாபுதுப்பேட்டையில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார். தொழிற்சாலையில் செய்வதுபோலவே இதையும் செய்வது என்று தீர்மானித்திருந்தார்.

குவார்ட்டர்ஸின் முன்னறையில், சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பழுப்புத் தாளை ஒட்டினார். அதில் வட்டங்கள், வட்டங்களை இணைக்கும் அம்புகள். அஸ்திவாரத்திலிருந்து கிரகப்பிரவேச ஜெபம் வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது. திருவேற்காட்டிலிருந்து வந்த மேஸ்திரி முதல் நாள் அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார், வூடு கட்டப் போறோமா, ராக்கெட் வுடப் போறோமா?"

"உங்க ஆளுங்க வராத நாளுக்கும் இதுல இடம் விட்டிருக்கேன்" என்றார் அப்பா.

"அத்த இப்பவே போட்டு வச்சுகினியா? சரியான ஆளு நைனா நீ."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டதும், அந்தத் தாளின் முன்னால் கூட்டம் நடக்கும். அப்பா, அம்மா, மேஸ்திரி, நான். என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, எது தடுக்கிறது. மூன்று கேள்விகள்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் மட்டுமே பொறுப்பு. நான் அப்போது ஒரு பத்திரிகையில் சேர்ந்து, தினமும் ரயிலில் நகரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அதனால் ஸ்விட்ச், பைப், ஒயர் எல்லாம் என் பொறுப்பு. கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது அம்மாவின் பொறுப்பு. "ஈரம் காய்ஞ்சா சுவருக்குப் பலம் இருக்காது, ஒருநாள்கூடத் தவறக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா ஒருநாளும் தவறவில்லை.

சிவப்புக் கோடு எதற்கு என்று அம்மாதான் கேட்டாள்.

"அதுல இருக்க வேலையில ஒண்ணு தாமதமானாலும் வீடே தாமதமாகும். கதவு ஜன்னலுக்கு மேல லிண்டல் போடாம மேல் சுவர் எழும்பாது, சுவர் எழும்பாம கூரை கிடையாது. மத்த வேலையெல்லாம் அப்படி இல்ல. கதவு செய்யுறதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அதுக்காக வீட்டு வேலை நிக்காது."

"அப்ப சிவப்புல இல்லாததெல்லாம் தள்ளிப் போட்டுக்கிடலாமா?"

"ஒரு அளவுக்கு. அந்த அளவு தாண்டிச்சுன்னா அதுவும் சிவப்பாயிரும்."

அம்மா தலையாட்டினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபது வருடத்துக்கு மேல் அதே குவார்ட்டர்ஸில், நாங்கள் வெளியே போவதையும் வருவதையும் வைத்துத் தன் நாளை அமைத்துக்கொண்டவள். அப்பா சொன்னதில், தள்ளிப் போடலாம் என்ற பாதி அவளுக்குப் புதிதாக இருந்திருக்காது.

பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகியிருந்த அம்மாவுக்கு மறுபடியும் ரத்தம் போக ஆரம்பித்தது. அதை அவள் நர்ஸ் அக்காவிடம் மட்டும் சொன்னாள். உடனே காட்ட வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"கான்கிரீட் போட்டுரட்டும். பொறவு வாரேன்" என்றாள் அம்மா.

கான்கிரீட் போட்டார்கள். கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டியிருந்தது. அதுவும் அம்மாவின் பொறுப்பு. "தண்ணி வடியட்டும்" என்றாள். பிறகு பூச்சு வேலை வந்தது. "பூச்சு முடியட்டும், இப்ப நான் படுத்தா வேலைய யாரு பாப்பாங்க?" அந்த வாரங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எது தடுக்கிறது என்று அப்பா ஒவ்வொருவராகக் கேட்பார். அம்மாவின் முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பாள். மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "அம்மாவைப் பாத்துக் கத்துக்க. நம்ம பைப்பு இன்னும் வந்துகினே கீது."

கடைசியில் நர்ஸ் அக்காவே ஒருநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வந்து, மேசை முன்னால் உட்கார்ந்து, எழுதத் தொடங்குமுன் கேட்டார்.

"எப்பல இருந்தும்மா இப்படி இருக்கு?"

அம்மா யோசித்தாள். "லிண்டல் போட்டாங்கள்லா, அப்ப இருந்து."

"எது போட்டப்ப?"

அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான். லிண்டலுக்குப் பிறகு மேல் சுவர், கூரைக்குப் பலகை அடிக்கும் சென்டரிங், கம்பி கட்டுதல், கான்கிரீட், தண்ணீர், பலகை பிரித்தல், பூச்சு. அப்பா ஒவ்வொன்றாக மனதில் கூட்டியிருக்க வேண்டும். மாதக் கணக்கை அவர்தான் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அப்பா பார்வையைத் தாழ்த்தவில்லை.

கதிரியக்கச் சிகிச்சைக்கு அப்பாவும் அம்மாவும் நகரத்துக்குப் போய் வந்தார்கள். தாமதமாகிவிட்டது என்று அங்கே மறைக்காமல் சொன்னார்கள். இந்தப் பயணங்களுக்காக அப்பா எந்தத் தாளையும் ஒட்டவில்லை.

அப்பா ரிட்டையரான பிறகு, திட்டமிட்ட வாரத்திலேயே புது வீட்டுக்குப் போனோம். அம்மாவின் கட்டிலை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டோம். பின்வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும் பாக்கி. பிரைமர் பூசி நின்றிருந்தது. மேஸ்திரி இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை மேஸ்திரி என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

"ஆளு ரெடியா கீறான், டப்பா ரெடியா கீது. ஒரு நாள் லேட்டுன்னா என் உசுர வாங்குன மனுசன், இப்ப வேணாங்குறாரு. இன்னா ஆச்சு அவருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது கட்டில் பக்கத்தில் நடந்தது. கேள்விகளை அம்மா கேட்டாள். தலையணையில் சாய்ந்தபடி, பழைய வரிசையிலேயே கேட்டாள்.

"என்ன முடியல?"

"பின்வாசல் கதவு" என்றார் அப்பா.

"எது தடுக்கு?"

"கலர் முடிவாகல."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க." அம்மா சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாள். "வேணும்னே இழுக்கீங்க."

"தள்ளிப் போடலாம். அதுக்கு இடம் இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

அப்பா எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். வெயில் அம்மாவின் முகத்தில் விழுகிறது என்றார். வெயில் அப்போது சுவரில்தான் இருந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் மேஸ்திரி வந்தார். செருப்பை வாசலில் விட்டு, உள்ளே வராமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அப்பா அங்கே கிணற்றடியில் நின்றிருந்தார்.

"மழை வந்தா மரம் ஊறிப் பூடும் சார். அடிச்சுடட்டுமா?"

அப்பா கதவைப் பார்த்தார். "அடிச்சிருங்க."

"இன்னா கலரு?"

"எதுவா இருந்தாலும் சரி."

மேஸ்திரி தன்னிடமிருந்த பச்சையை எடுத்து வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.