மூச்சு மெஷினுக்கு ஒரு மாலை

என் மாமனாருக்கு நுரையீரல் கோளாறு. ஆக்ஸிஜன் மெஷின் வாங்கப் போனால், கம்பெனியில் விற்பதில்லை என்றார்கள். மெஷின் அவர்களுடையதாகவே இருக்குமாம். மாதச் சந்தா கட்டினால் இன்டர்நெட் வழியாக அவர்களே கவனித்துக்கொள்வார்களாம்.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மாமனார் அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் புதுத் துண்டு போர்த்தி மாலையும் போட்டேன். பூஜை மணிச் சத்தத்தில் அதன் பீப் ஒலி எனக்குக் கேட்கவில்லை.

போன் வந்தது. கம்பெனிப் பெண், மலையாளம் கலந்த தமிழில்.

"சேச்சி, மெஷினுக்குள்ள காத்து போகல்லா. எதையாவது போட்டு மூடினீங்களோ? வேகம் அதை எடுங்கோ!"

ஓடிப்போய்த் துண்டை உருவினேன். மாமனாரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு சீரானதும் அவர் சொன்னார்: "எனக்குப் போட வேண்டிய மாலைடீ அது."

பூஜைக்காக நெட் பெட்டியையும் அணைத்து வைக்கும்படி மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் மறந்துவிட்டாள். அதனால்தான் அந்தப் போன் வந்தது.

இப்போது அந்த மெஷினுக்குப் பொட்டுகூட வைப்பதில்லை. காலையில் எழுந்ததும், சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன்.