எண்ணாமல் எழுதின மூச்சு

ஆடிக் கிருத்திகை அன்னைக்கு எங்க திருத்தணியில எந்தப் பெரியவர் மயங்கி வந்தாலும் ஒரே வியாதிதான்: விரதக் களைப்பு. பச்சைத் தண்ணி பல்லுல படாம, குளத்துல முழுகி, ஈரத் துணியோட படியேறினா யாருக்குத்தான் மயக்கம் வராது? நான் அப்போ ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு நர்ஸ். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்து, அனுப்பு, அடுத்த ஆளைப் படுக்க வை. அன்னைக்கு முழுக்க அதுதான் வேலை.

மத்தியானம் ஆர்.கே.பேட்டை பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவரை அவரு மருமக கூட்டிகினு வந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு இருக்கும். கை சில்லுனு இருந்தது. ஈரத் துணின்னு நெனைச்சேன். பிரஷர் கம்மி, பட்டினின்னு நெனைச்சேன். மூச்சு வாங்கிச்சு, படியேறினதுன்னு நெனைச்சேன். காய்ச்சல் வேற இல்லையா, எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

"மாமா மலையே ஏறலீங்க. கீழயே உக்காந்துட்டாரு. நேத்துலேர்ந்து ஒண்ணுக்கும் சரியா போவல"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிகினே இருந்தாங்க. "ஆங், ஆங், பாக்கறோம்மா"ன்னு சொன்னேன். எங்க பாத்தேன்?

மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணி எழுதணும். நான் எண்ணல. நல்லா இருக்கறவங்க கணக்கா பதினெட்டுன்னு எழுதினேன். கூட்ட நாள்ல எல்லாருக்கும் பதினெட்டுதான். பாவி, டாக்டர் அந்தத் தாளை நம்பித்தான் ஆளை அனுப்புவாருன்னு எனக்குத் தெரியாதா என்ன?

அப்போ பெரியவர் என் கையைப் புடிச்சிகினு தெலுங்குல கேட்டாரு: "ஆவுனி கட்டேசினாவா?" மாட்டைக் கட்டிட்டியான்னு அர்த்தம். எங்க ஊர்ல பாதி சனத்துக்கு ரெண்டு பாஷையும் வாயில வரும். எனக்கோ தெலுங்கு பேச ஆள் கிடைச்சா குஷி. "கட்டேசினா தாத்தா, படுகோ"ன்னேன். கட்டிட்டேன், படுத்துக்கோன்னு. பொக்கை வாயோட சிரிச்சாரு. மறுபடி அதையே கேட்டாரு. மறுபடி அதையே சொன்னேன்.

"என்ன சொல்றாரு? எங்கிட்ட தமிழ்லதாங்க பேசுவாரு, எனக்குத் தெலுங்கு வராது"ன்னு மருமக கேட்டாங்க.

"சும்மா பேசறாரும்மா, பயப்படாதீங்க."

டாக்டர் வந்து, ஆள் தெளிவா இருக்காரான்னு கேட்டாரு. "என்கிட்ட கதையே அளந்துகினு இருக்காரு சார்"னு நான்தான் சொன்னேன். இந்த வாய்தான் சொல்லிச்சு. சாயந்திரம் ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டோம்.

மறுநாள் காலையில மகன் அவரைத் தூக்கிகினு ஓடி வந்தாரு. கண்ணே திறக்கல. ஒண்ணுக்குப் போற எடத்துக் கிருமி ரத்தத்துல கலந்து செப்சிஸ் ஆயிடுச்சுன்னாங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சல் வராமலே அது வரும், உடம்பு சில்லுனு ஆவும், மூச்சு ஓடும், புத்தி தடுமாறும். அன்னைக்குத்தான் நான் அவரு மூச்சை எண்ணினேன். முப்பத்திரண்டு. சென்னைக்கு அனுப்பி, மூணாம் நாள் போயிட்டாரு.

யாரும் என்னைத் திட்டல. தாள்ல பதினெட்டுன்னு அழகா இருந்துச்சே. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

ஒரு மாசம் கழிச்சு மருமக ஏதோ சீட்டு வாங்க வந்தாங்க. என்னைப் பாத்ததும் கையைப் புடிச்சிகிட்டாங்க.

"மாமா கடைசியா சிரிச்சது உங்ககிட்டதாம்மா. அப்படி என்னதான் கேட்டாரு?"

பொய் சொல்ல வாய் வரல. "மாட்டைக் கட்டிட்டியான்னு கேட்டாரு. கட்டிட்டேன்னு சொன்னேன்."

அவங்க கை தானா நழுவிச்சு.

"எங்க வூட்ல மாடே இல்லியேம்மா. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே வித்துட்டாங்க. அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, நான் அவரைக் கூட்டிகினு போயிருக்க மாட்டேனே."