வியட்நாமிலிருந்து வந்த படங்கள்

கனடாவுக்குக் கப்பல் என்று சொல்லித்தான் என் தம்பியை ஏற்றினான், அந்த நாசமாய்ப் போவான். கண்டக்குழியில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவன். எங்களைப்போல வன்னியிலிருந்து வந்த குடும்பம் என்பதால் நம்பினேன். கப்பலுமில்லை, கனடாவுமில்லை. ஏற்றியது ஓர் ஓட்டை மீன்பிடிப் படகில். அது நடுக்கடலில் நின்றுபோக, வேறு கப்பல்காரர்கள் மீட்டு வியட்நாமில் இறக்கினார்கள்.

எங்கள் அரசாங்கமும் வியட்நாம் அரசாங்கமும் கதைத்து, ஊரார் அடையாளம் காட்டுகிறவர்களை விமானத்தில் திருப்பி அனுப்புவதென்று முடிவெடுத்தன. தூதரகம் அனுப்பிய படங்களை, புதிதாக மாற்றலாகி வந்த கிராம அலுவலர், ஜீ.எஸ்., தன் கந்தோரில் காட்டினார். தம்பியை ஏற்றிவிட்டவனின் மனைவியும் எனக்குத் துணையாக வருவதுபோல் வந்தாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

மூன்றாவது படம் தம்பி. கன்னமெல்லாம் ஒட்டியிருந்தான். அழுதுகொண்டே கையெழுத்து வைத்தேன். அடுத்த படத்தில், அட, அவனேதான்! தாடியை வழித்து, வேறு பெயரில் அகதியாகியிருந்தான்.

"இவரைத் தெரியுமோ?" என்றார் ஜீ.எஸ்.

"தெரியாது ஐயா," என்றாள் மனைவி. அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். ஊருக்கு வந்தால் பொலிஸ் பிடிக்குமே!

அங்கேயே கிடக்கட்டும் மாப்பிள்ளை என்று நினைத்தேன். "எனக்கும் தெரியாது," என்றேன்.

தம்பி வந்து சேர்ந்தான். "தண்ணிப் போத்தலெல்லாத்தையும் அவன் பூட்டி வைச்சிருந்தவன் அக்கா. ஒரு நாளைக்கு ஒரு மூடி தண்ணிதான் தந்தவன். நான் கடல் தண்ணியைக் குடிச்சன்." இப்போதும் தலைமாட்டில் குடம் இல்லாமல் அவன் படுப்பதில்லை.

சில மாதம் கழித்து அந்த நாசமாய்ப் போவானின் மனைவி என் வாசலில் வந்து அழுதாள்.

"ஒரு நாடும் அவரை எடுக்கேல்லையாம் அக்கா. வருத்தமும் வந்து பாயில கிடக்கிறாராம். பொலிஸ் பிடிச்சு மறியலில போட்டாலும் பரவாயில்லை, ஊருக்கு வந்தால் போதுமெண்டு அழுறார். நான் தெரியாதெண்டு எழுதினபடியால் இனி என்ர கதை எடுபடாது. அயலாள் ஒராள் சொல்ல வேணுமாம். நீங்க வந்து சொல்லுங்கோ."

"உனக்கே தெரியாத ஆளை எனக்கு எப்பிடியடி தெரியும்?"

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்தேன். மூடியைத் திருகி, அந்த மூடியில் ஊற்றி நீட்டினேன்.

"என்னக்கா இது?"

"உன்ர மனிசனிட்டக் கேள். அவருக்குத் தெரியும்."